ஆம்னி-மேனை டெபி மன்னித்தே ஆக வேண்டுமா?

செம்பூர்க்காரன்:

அமெரிக்க காமிக்ஸிலிருந்து எடுத்த ‘இன்வின்சிபிள்’ கார்ட்டூன் தொடரை மூன்றாம் பருவம் வரை பார்க்காதவர்கள் இந்த இழையைத் தள்ளி வைத்துவிடுவது நல்லது. காமிக்ஸின் பிற்பகுதி வரைக்கும் பேச்சு போகும்.

2025 மார்ச்சில் மூன்றாம் பருவம் முடிந்ததிலிருந்து எங்கள் வீட்டில் எனக்கும் கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கும் ஓயாத வாக்குவாதம். நம் குழுவில் பழைய முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் வாசகர்கள் நிறைய இருப்பதால் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். நோலன் கிரேசன் என்கிற ஆம்னி-மேன் இருபது ஆண்டுகளாகப் பூமியைக் காத்துவந்த மாவீரன். உண்மையில் அவன் வில்ட்ரம் என்ற வேற்றுக் கிரகப் பேரரசுக்குப் பூமியைப் பிடித்துக்கொடுப்பதற்காக அனுப்பப்பட்டவன் என்பது பிறகுதான் தெரிய வருகிறது. 2021 ஏப்ரலில் வெளியான முதல் பருவத்தின் இறுதி அத்தியாயத்தில், தன்னோடு சேர மறுத்த மகன் மார்க்கை அவன் சிகாகோ நகரம் நெடுகப் போட்டு அடிக்கிறான். மனைவி டெபியைப் பற்றிப் பேச்சு வரும்போது அவள் தனக்கு ஒரு வளர்ப்புப் பிராணி போன்றவள் என்கிறான். அந்தச் சண்டையைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கும் டெபியின் காதிலும் அது விழுகிறது. மகனைக் கொல்லக் கை ஓங்கும் நேரத்தில், ஐந்நூறு ஆண்டுகள் கழித்து உனக்கென்று யார் மிஞ்சுவார்கள் என்று அவன் கேட்க, நீங்கள் இருப்பீர்களே அப்பா என்று மகன் சொல்ல, கண்ணீரோடு பூமியை விட்டே பறந்துவிடுகிறான்.

அந்த நொடியிலிருந்து நோலன் செய்வதெல்லாம் பிராயச்சித்தம்தான் என்பது என் கட்சி. திராக்ஸா என்ற கிரகத்தின் மக்களைக் காக்கத் தன் சொந்த இனத்தோடு மோதுகிறான், உடல் நொறுங்கிச் சிறைப்படுகிறான், மரண தண்டனைக்குக் காத்திருக்கிறான், தன் இனத்தை வீழ்த்தும் வழிகளை மறைத்து எழுதிவைத்த புத்தகங்களை மகனுக்குக் காட்டிக்கொடுக்கிறான். ஒரு மனிதன் இதற்கு மேல் என்னதான் செய்ய முடியும்? மகள் கேட்பது ஒரே கேள்வி: “இதில் அம்மாவுக்குச் செய்தது எது, அப்பா?”

இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்தவன் நான். முதல் கதையில் குற்றவாளியாக வந்த மாயாவி லூயிஸ் கிராண்டேல் பிறகு நல்லவர் பக்கம் சேர்ந்துவிட்டார் என்றால் நாங்கள் மறு கேள்வி கேட்டதில்லை. ஆனால் மாயாவிக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது என்பதை மகள் சுட்டிக்காட்டிய பிறகு எனக்குப் பேச்சு எழவில்லை. உங்கள் கருத்தைக் கேட்கவே இந்த இழை.


90அடி_ரோடு:

அண்ணா, உங்கள் மகள் பக்கம்தான் நான். ஆனால் அவர் சொல்லும் காரணத்தோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தச் சண்டையில் ஒரு ரயில் காட்சி வருகிறது. சுரங்கப் பாதையில் வேகமாக வரும் ரயிலுக்கு எதிரே மகனைப் பிடித்து நிறுத்துகிறான் தகப்பன். மகனுடைய உடம்பு உடையாது என்பது அவனுக்குத் தெரியும். ஆகவே உடைவது ரயில். பெட்டி பெட்டியாக, உள்ளே நிற்கிறவர்களும் உட்கார்ந்திருப்பவர்களுமாக, அத்தனை பேரும் அந்தப் பையனின் மேல் மோதிச் சாகிறார்கள். காலை எட்டரை மணிக்கு சயானில் ஏறி, கம்பியைப் பிடிக்கக்கூட இடமில்லாமல் தாதர் வரை தொங்கிக்கொண்டு போகிறவனால் அந்தக் காட்சியை வெறும் கார்ட்டூனாகப் பார்க்க முடியாது. நான் நிறுத்திவிட்டு எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் மீதியைப் பார்த்தேன்.

இதில் கவனிக்க வேண்டியது, அவன் மகனை அடித்தான் என்பதோடு நிற்கவில்லை. மகனின் உடம்பையே கொலைக் கருவியாக்கினான். இதை அந்தப் பையன் வாழ்நாள் முழுவதும் சுமக்க வேண்டும். இதற்குப் பிராயச்சித்தம் என்று அவன் செய்வது என்ன? மறுபடியும் சண்டை. எதிரில் நிற்கிற ஆள்தான் மாறியிருக்கிறான். சண்டை போடுவது நோலனுக்குச் சோறு தின்பது மாதிரி. தனக்குச் சுலபமாக வருவதையே இன்னும் கொஞ்சம் அதிகமாகச் செய்துவிட்டுக் கணக்கு நேராகிவிட்டது என்றால் எப்படி ஒப்புக்கொள்வது?


அண்டாப்ஹில்:

வேற்றுக் கிரகத்துக்குப் போனவன் அங்கே போய் இன்னொரு கல்யாணமும் செய்துகொண்டு பிள்ளையும் பெற்றுக்கொண்டான் என்பதை செம்பூர் அண்ணன் தம் பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிட்டார். அதுவும் பிராயச்சித்தத்தில் சேர்த்தியா?


மாட்டுங்கா_முதியவன்:

அண்டாப்ஹில் தம்பி கிண்டலாகக் கேட்டாலும் கேள்வி பழையது. நான் அந்தத் தொடரைப் பேரனோடு உட்கார்ந்து பாதிதான் பார்த்தேன். ஆனால் இந்தக் கதை எனக்கு முன்பே தெரியும்.

பாஞ்சாலியோடு ஒரு சகோதரர் தனித்திருக்கும்போது மற்றவர் உள்ளே வரக்கூடாது, வந்தால் வனவாசம் போக வேண்டும் என்பது பாண்டவர்கள் நாரதர் முன்னிலையில் செய்துகொண்ட ஏற்பாடு. ஓர் அந்தணரின் பசுக்களைத் திருடர்கள் ஓட்டிக்கொண்டு போகிறார்கள். ஆயுதங்களோ தருமரும் திரௌபதியும் இருக்கும் அறையில். அர்ஜுனன் உள்ளே போய் வில்லை எடுத்துக்கொண்டு போய்ப் பசுக்களை மீட்டுக் கொடுக்கிறான். திரும்பி வந்ததும் நான் வனவாசம் போகிறேன் என்கிறான். தருமர் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, போகாதே என்கிறார். அவன் கேட்கவில்லை. பாதிக்கப்பட்டவர் மன்னித்துவிட்டாலும் பிழை செய்தவன் தன் தண்டனையைத் தானே நிறைவேற்ற வேண்டும் என்று கருதிய காலம் அது. மன்னிப்பு ஒரு கணக்கு, பிராயச்சித்தம் வேறு கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் செம்பூர்க்காரர் வீட்டில் சண்டை. நோலன் தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டிருக்கிறான். டெபி மன்னிப்பாளா என்பது அவள் கணக்கு. ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்க வேண்டியதில்லை.


90அடி_ரோடு:

ஐயா, மரியாதையோடு கேட்கிறேன். அந்த வனவாசத்தில் அர்ஜுனன் உலூபியையும் சித்ராங்கதையையும் மணந்து, கடைசியில் துவாரகையிலிருந்து சுபத்திரையையும் தேரில் ஏற்றிக்கொண்டு வந்தானே? தண்டனை அனுபவிக்கப் போனவன் மூன்று மனைவியரைச் சம்பாதித்தால் அதைத் தீர்த்த யாத்திரை என்று சொல்லிக்கொள்ளலாம். தண்டனை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்தக் கணக்கில் நோலன் ஒரே ஒரு திருமணத்தோடு நிறுத்திக்கொண்டது பெரிய தவம்தான்.


மாட்டுங்கா_முதியவன்:

சரியான இடத்தில் பிடித்தீர்கள். வியாசரும் அதைச் சும்மா விட்டுவிடவில்லை. அர்ஜுனன் ஊர் திரும்பி எல்லோரையும் வணங்கிவிட்டுக் கடைசியில் திரௌபதியிடம் போகிறான். அவள் சொல்கிறாள்: அந்த யாதவப் பெண் இருக்கும் இடத்துக்கே போங்கள், எவ்வளவு இறுக்கிக் கட்டிய சுமையானாலும் மேலே இரண்டாவது கட்டுப் போட்டால் முதல் கட்டுத் தளர்ந்துவிடும். அதற்கு அர்ஜுனன் தன் யாத்திரையில் எத்தனை தீர்த்தம் ஆடினேன், முதலைகளாய்க் கிடந்த எத்தனை அப்சரஸ்களுக்குச் சாப விமோசனம் கொடுத்தேன் என்றெல்லாம் எடுத்துச் சொல்லவில்லை. அவளைத் தேற்றினான், திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டான் என்றுதான் இருக்கிறது.


சயான்_காமிக்ஸ்:

நான் இதை அமெரிக்க காமிக்ஸ் வரலாற்றின் வழியாகப் பார்க்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள், சற்று நீளும்.

1981-இல் வெளிவந்த ‘அவெஞ்சர்ஸ்’ 213-ஆம் இதழில் ஹாங்க் பிம் என்ற விஞ்ஞானி வீரன் தன் மனைவி ஜேனட்டை அறைகிறான். அக்கதையை எழுதிய ஜிம் ஷூட்டர், கை தவறுதலாகப் பட்டுவிடுவதாகத்தான் தாம் எழுதியதாகவும், ஓவியர் அதை ஓங்கி அறைவதாக வரைந்துவிட்டதாகவும் பிற்காலத்தில் விளக்கம் அளித்தார். விளக்கம் எதுவும் எடுபடவில்லை. பிம்மின் வாழ்க்கையே அந்த ஒரு கட்டத்தோடு முடிந்துபோயிற்று என்று சொல்லலாம். அதன் பிறகு வந்த எழுத்தாளர்கள் அவனைச் சிறைக்கு அனுப்பினார்கள், வீரர் வேடத்தைத் துறக்க வைத்தார்கள், தற்கொலையின் விளிம்பு வரை கொண்டு போனார்கள், உலகத்தைக் காப்பாற்ற வைத்தார்கள். இன்றைக்கும் பிம் என்று பேச்செடுத்தால் முதலில் வருவது அந்த அறைதான்.

விந்தை எங்கே இருக்கிறது என்றால், அல்ட்ரான் என்ற கொலைகார எந்திரத்தைப் படைத்தவனும் இதே பிம்தான். 1999-இல் வந்த ஒரு தொடர்கதையில் அல்ட்ரான் ஸ்லோரீனியா என்ற கற்பனை நாட்டின் மக்களையே துடைத்தெடுக்கிறது. அதைச் சொல்லி யாரும் பிம்மைத் திட்டுவதில்லை. ஒரு நாடு அழிந்தது காமிக்ஸில் நடப்பது. மனைவியை அறைவது பக்கத்து வீட்டில் நடப்பது. அதன் சத்தம் நமக்குத் தெரியும், மறுநாள் காலை அந்த அம்மாள் குழாயடியில் யார் முகத்தையும் பார்க்காமல் நிற்பதும் தெரியும். அதனால்தான் சிகாகோவில் செத்த ஆயிரக்கணக்கானவர்களை விட்டுவிட்டு நாம் டெபியைச் சொன்ன ஒரு வார்த்தையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். இது நியாயமா என்றால் எனக்கும் பதில் இல்லை. ஆனால் குடும்பத்துக்குச் செய்த தீங்கை உலகத்துக்குச் செய்யும் நன்மையால் ஈடு கட்டவே முடியவில்லை என்பதை நாற்பது ஆண்டுகளாக ஒரு பெரிய பதிப்பகமே முயன்று பார்த்துவிட்டது.


முலுண்ட்_மீனா:

இத்தனை பேர் பேசியும் டெபி அந்த இடைக்காலத்தில் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

இரண்டாம் பருவத்தில் அவள் வீடு விற்கும் தன் பழைய வேலைக்குத் திரும்பப் பார்க்கிறாள், முடியவில்லை, குடிக்கிறாள். வீரர்களை மணந்து இழந்தவர்கள் கூடிப் பேசும் ஓர் ஆறுதல் குழுவுக்குப் போகிறாள். அங்கே அமர்ந்திருக்கும் ஒருவரின் மனைவியைக் கொன்றவனே நோலன் என்பது தெரிந்ததும் அந்த மனிதர் இவள் மேல் பாய்கிறார். ஆறுதல் தேடிப் போன இடத்திலும் அவளுக்கு இடமில்லை. இதற்கெல்லாம் மேலாக, நோலன் வேற்றுக் கிரகத்தில் பெற்ற கைக்குழந்தையை மார்க் தூக்கிக்கொண்டு வந்து அவள் கையில் கொடுக்கிறான். தன்னை வளர்ப்புப் பிராணி என்று சொன்னவனின் இரண்டாவது குடும்பத்துக் குழந்தைக்கு ஆலிவர் என்று பெயரிட்டுப் பால் புகட்டி வளர்க்கிறவள் அவள்தான். பிராயச்சித்தம் செய்கிறவன் ஒரு கிரகம் தள்ளிச் சிறையில் இருக்கிறான். அதற்கான வேலை முழுவதும் அவன் மனைவியின் தலையில் விழுந்திருக்கிறது. செம்பூர் அண்ணனின் பட்டியலில் இது ஏன் இல்லை?

பெண்களுக்கான ஓர் ஆலோசனை மையத்தில் வேலை செய்கிறேன். பாந்த்ரா குடும்ப நீதிமன்றத்துக்கும் அடிக்கடி போய்வர நேர்கிறது. எதிரில் வந்து உட்காரும் ஆண்களில் பலர் கையில் ஒரு பிளாஸ்டிக் உறையோடு வருவார்கள். அதற்குள் பள்ளிக் கட்டண ரசீது, வீட்டுக் கடன் தவணை, மாமியாரின் கண் அறுவைச் சிகிச்சைக்குக் கட்டிய பணம் என்று எல்லாம் தேதி வாரியாக அடுக்கியிருக்கும். இவ்வளவு செய்திருக்கிறேனே மேடம் என்று ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைப்பார்கள். அவை எல்லாம் உண்மைதான், ஒன்றுகூடப் பொய்யில்லை. அந்தப் பெண் அவற்றைப் பார்க்கவே மாட்டாள். ஏனென்றால் அவள் கேட்டுக்கொண்டு வந்த கேள்வி அந்த உறைக்குள் இருக்காது. நோலனின் திராக்ஸா, சிறை, புத்தகங்கள் எல்லாம் எனக்கு அந்த பிளாஸ்டிக் உறையாகத்தான் தெரிகின்றன.

2005-இல் இயற்றப்பட்ட குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு, குடியிருக்கும் உரிமை, பண உதவி, குழந்தையின் பொறுப்பு, இழப்பீடு என்று நீதிமன்றம் என்னென்ன ஆணைகள் பிறப்பிக்கலாம் என்று அதில் வரிசையாக உண்டு. வெளியில் அவர் எவ்வளவு நல்லவர் என்று பார்த்துக் கழித்துக்கொள்ளச் சொல்லும் பிரிவு அதில் கிடையாது. மன்னிக்கும்படி அவளுக்கு உத்தரவிடும் பிரிவும் கிடையாது.


செம்பூர்க்காரன்:

மீனா, நீங்கள் சொல்வதை மகளிடம் படித்துக் காட்டினால் அவள் என்னைச் சாப்பிடவே விடமாட்டாள். ஆயினும் ஒன்று கேட்கிறேன். உறையோடு வருகிறவன் அடுத்த முறை அதையும் எடுத்துக்கொண்டு வராமல் போய்விட்டால் என்ன செய்வது? நோலனுக்கு ஓடிப்போகும் வழி எப்போதும் திறந்தே இருக்கிறது. அவனை யாரும் கட்டிவைக்க முடியாது. அப்படிப்பட்டவன் தானாக ஒரு நல்லதைச் செய்யும்போது அதை எண்ணிக்கையில் சேர்க்கவே மாட்டோம் என்றால், அவன் ஏன் திரும்ப வேண்டும்?


சயான்_காமிக்ஸ்:

செம்பூர் அண்ணனின் கேள்விக்குக் கிரேக்கர்கள் ஒரு விடை வைத்திருக்கிறார்கள்.

உலகத்தின் முதல் சூப்பர் ஹீரோ என்று ஹெராக்ளிஸை, அதாவது ஹெர்குலிஸை, சொல்வார்கள். பித்துப் பிடித்த நிலையில் தன் பிள்ளைகளையே கொன்றுவிட்டு, டெல்ஃபியில் குறி கேட்டு, அதன்படி யூரிஸ்தியஸ் என்ற மன்னனுக்கு அடிமை ஊழியம் செய்கிறான். அவனுடைய புகழ்பெற்ற சாகசங்கள் எல்லாமே அந்த ஊழியத்தின் பகுதிகள். அப்பல்லோடோரஸ் பெயரில் வழங்கும் தொகுப்பின்படி முதலில் விதிக்கப்பட்டவை பத்துதான்; பன்னிரண்டாக ஆனதற்குக் காரணம், செய்து முடித்தவற்றில் இரண்டை மன்னன் கணக்கில் சேர்த்துக்கொள்ள மறுத்தது. பல தலைப் பாம்பைக் கொன்றபோது தம்பி மகனின் உதவியைப் பெற்றுக்கொண்டான் என்பதால் அது தள்ளுபடி. ஆஜியஸின் மாட்டுத் தொழுவத்தை ஆற்றைத் திருப்பிவிட்டுச் சுத்தம் செய்தபோது, அதற்குக் கூலி பேசியிருந்தான் என்பதால் அதுவும் தள்ளுபடி. செய்த வேலை அப்பழுக்கில்லாமல் இருந்தாலும் அதற்கு வேறு பலன் எதிர்பார்த்திருந்தால் அது கழியாது என்பது எனக்குப் பிடித்த சட்டம்.

நோலனை அந்தச் சட்டத்தில் நிறுத்திப் பாருங்கள். திராக்ஸாவில் அவன் ஓர் அரசனைப் போல இருந்தான், மனைவியும் குழந்தையும் இருந்தார்கள். அவர்களைக் காக்கச் செய்த சண்டையை டெபியின் கணக்கில் எப்படி வரவு வைப்பது? சிறையில் பட்டது வேண்டுமானால் சேரலாம்.


90அடி_ரோடு:

கூலி கேட்டதால் தள்ளுபடி என்பது அருமை. ஆனால் அந்தக் கதையில் பிள்ளைகளைப் பெற்ற தாய்க்கு என்ன ஆயிற்று?


சயான்_காமிக்ஸ்:

அதே தொகுப்பில் மெகாரா பிழைத்திருக்கிறாள். ஊழியம் எல்லாம் முடிந்த பிறகு ஹெராக்ளிஸ் அவளைத் தன் தம்பி மகனுக்கே மணம் முடித்துக் கொடுத்துவிடுகிறான். அவள் ஒரு வார்த்தை பேசியதாக இல்லை. பன்னிரண்டு ஊழியம் செய்தவன் அவளிடம் ஒரு முறை உட்கார்ந்து பேசியதாகவும் இல்லை.

இன்னொரு வடிவமும் உண்டு. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் யூரிபிடிஸ் தம் நாடகத்தில் வரிசையையே மாற்றிவிட்டார். அதில் ஹெராக்ளிஸ் சாகசங்களை முடித்துக்கொண்டு வெற்றி வீரனாக வீடு திரும்பிய பிறகுதான் பித்துப் பிடித்து மனைவியையும் மக்களையும் கொல்கிறான். அந்த ஒரு மாற்றத்தால் அவனுக்கு மீதம் ஒன்றுமில்லாமல் போகிறது. இனிமேல் போய்க் கொல்வதற்கு அரக்கர் யாரும் இல்லை, வலிமையைக் காட்டிக் கழுவிக்கொள்ள வழியில்லை. சாகத் துணிகிறான். நண்பன் தீசியஸ் வந்து கையைப் பிடித்து எழுப்பி அழைத்துக்கொண்டு போகிறான், அவ்வளவுதான். தொண்ணூறடித் தம்பி முதலில் கேட்ட கேள்விக்கு யூரிபிடிஸ் பக்கம்தான் நேர்மை இருக்கிறது என்று நினைக்கிறேன்.


அண்டாப்ஹில்:

கிரேக்கர் வரைக்கும் போய்விட்டோம். நம் ஊர்க்காரன் ஒருவன்கூடவா இந்தத் தப்பைச் செய்யவில்லை?


மாட்டுங்கா_முதியவன்:

செய்யாமல் என்ன? கோவலனை மறந்துவிட்டீர்களே. அவனைப் பொருளைத் தொலைத்த செட்டிப் பிள்ளையாக மட்டுமே நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அடைக்கலக் காதையை ஒரு முறை நிதானமாகப் படியுங்கள்.

மதுரைப் புறஞ்சேரியில் மாடலன் என்னும் மறையவன் கோவலனைச் சந்தித்து, அவன் செய்த நல்வினைகளை எல்லாம் எடுத்துச் சொல்கிறான். மதம் பிடித்த யானை ஒரு முதியவரைத் துதிக்கையில் வளைத்துப் பிடித்தபோது கோவலன் பாய்ந்து அவரை விடுவித்து, அந்த யானையின் மேலேயே ஏறி அடக்கினான். பொய்ச்சாட்சி சொன்ன ஒருவனைப் பூதம் பிடித்துத் தின்னப் போனபோது அவனுக்குப் பதிலாக என் உயிரை எடுத்துக்கொள் என்று முன்னே போய் நின்றான். பூதம் அதற்கு இசையாதபோது, செத்தவனின் சுற்றத்தாரைப் பல ஆண்டு காப்பாற்றினான். இன்றைய காமிக்ஸில் வரும் வீரன் செய்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

மூன்றாவது ஒன்று இருக்கிறது. அதுதான் எனக்கு நெஞ்சில் தைப்பது. பிள்ளையைக் காத்த கீரியைத் தவறாகக் கொன்றுவிட்ட ஒரு பார்ப்பனியைக் கணவன் விட்டுவிட்டு வடதிசைக்குப் போய்விடுகிறான். அவள் புகார் வீதியில் அலைவதைக் கண்ட கோவலன், அந்தப் பாவம் தீர்வதற்கான தானங்களைத் தன் பொருளால் செய்து, காட்டுக்குப் போன கணவனையும் வரவழைத்து அவளோடு சேர்த்து வைக்கிறான். அடுத்த வீட்டுப் பிராயச்சித்தத்துக்குப் பணம் கொடுத்து, அடுத்த வீட்டுக் கணவனை மனைவியிடம் கொண்டுவந்து சேர்த்தவனின் வீட்டில் கண்ணகி தனியே இருந்தாள். இவ்வளவு நல்வினை செய்த உனக்கு ஏன் இந்தத் துன்பம், முற்பிறவிப் பயனோ என்று மாடலன் வியக்கிறான். அந்தப் பட்டியலில் கண்ணகி இல்லை என்பது அவனுக்குத் தோன்றவில்லை. இளங்கோவடிகளுக்குத் தோன்றியிருக்கிறது என்பதால்தான், அடுத்த காதையிலேயே கோவலனை ஆய்ச்சியர் வீட்டில் கண்ணகி முன்னால் உட்கார வைத்திருக்கிறார்.


முலுண்ட்_மீனா:

ஐயா, மாடலனின் பட்டியலைப் படிக்கும்போது எனக்கு மறுபடியும் அந்த பிளாஸ்டிக் உறைதான் நினைவுக்கு வருகிறது. கோவலன் கண்ணகியிடம் அந்தப் பட்டியலைச் சொன்னானா?


மாட்டுங்கா_முதியவன்:

ஒரு வரிகூடச் சொல்லவில்லை. யானையும் வரவில்லை, பூதமும் வரவில்லை. பயனற்ற கூட்டத்தோடு திரிந்து கெட்டேன், பெற்றோர் சொல்லைத் தவறினேன், சிறுமுதுக் குறைவிக்கு (இளமையிலேயே பேரறிவு கொண்ட உனக்கு) சிறுமையும் செய்தேன், எழுந்து வா என்றதும் வந்துவிட்டாயே, என்ன காரியம் செய்தாய் என்கிறான். எல்லாம் தன் குற்றமே.


செம்பூர்க்காரன்:

அப்படியானால் காமிக்ஸுக்கு வருவோம். வில்ட்ரம் போருக்குப் பிறகு நோலன் டெபியிடம் திரும்பி வருகிறான், மன்னிப்பும் கேட்கிறான், இறுதியில் இருவரும் சேர்ந்தும் விடுகிறார்கள். மார்க்கும் தந்தையோடு தோளோடு தோள் நின்று போரிடுகிறான். இதை நீங்கள் யாரும் ஏற்றுக்கொள்ள மாட்டீர்களா?


90அடி_ரோடு:

மார்க் சேர்ந்ததும் டெபி சேர்ந்ததும் ஒன்றில்லை அண்ணா. தந்தையும் மகனும் ஒரே எதிரியை அடித்தால் பாதி சமாதானம் ஆகிவிடுகிறது. ஆண்பிள்ளைகள் உள்ள எந்த வீட்டிலும் பார்க்கலாம், ஒரு கிரிக்கெட் ஆட்டம் போதும். டெபிக்குப் பறக்கத் தெரியாது, அடிக்கத் தெரியாது. அவளோடு சமாதானம் ஆவதற்கு நோலனிடம் இருக்கும் எந்தச் சக்தியும் உதவாது. அதனால்தான் எனக்கு அந்தப் பகுதி முக்கியம். அவள் ஏற்றுக்கொண்டதில் எனக்கு வழக்கில்லை. ரயிலில் செத்தவர்களின் வீட்டார் பார்த்திருக்க, அந்த மனிதனை மறுபடியும் அதே வானத்தில் பறக்கவிட்டதில்தான் வழக்கு.


முலுண்ட்_மீனா:

டெபி சேர்ந்துகொண்டால் அது அவள் முடிவு. அதைக் குறை சொல்ல நான் யார்? எங்களிடம் வருகிறவர்களிலும் திரும்பிப் போகிறவர்கள் உண்டு, போய் நன்றாக இருப்பவர்களும் உண்டு. இரண்டாம் பருவத்தின் முடிவில் சிறையில் நோலன் தன் மனைவியின் நினைவாக இருக்கிறது என்பது போல ஒன்று சொல்கிறான். அதைக் கேட்டுப் பலர் உருகினார்கள். நான் உருகவில்லை. நினைவு வருவது அவனுடைய தனிமையைப் பற்றிய செய்தி. அவளைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அவன் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது முதலில் என்ன கேட்கிறான் என்றுதான் பார்ப்பேன். என்னை மன்னிப்பாயா என்று கேட்டால், அவன் இன்னமும் தனக்கு வேண்டியதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். நான் போன பிறகு நீ என்ன செய்தாய், எப்படிச் சமாளித்தாய் என்று கேட்டால் உட்காரச் சொல்லலாம்.


மாட்டுங்கா_முதியவன்:

இந்த இடத்தில் மட்டும் உங்களோடு முரண்படுகிறேன், அம்மா. அந்தக் கேள்வியைக் கோவலனும் கேட்கவில்லை. கண்ணகி அது வரட்டும் என்று காத்திருக்கவும் இல்லை. அறவோர்க்கு அளிக்கவும் விருந்தினரை எதிர்கொள்ளவும் முடியாமல் போன என்னை உம் பெற்றோர் பார்க்க வந்தார்கள், நான் துயரை மறைத்துச் சிரித்த பொய்ச்சிரிப்பைக் கண்டு வருந்தினார்கள், போற்றா ஒழுக்கம் புரிந்தீர் என்று அவளே எடுத்துச் சொன்னாள். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. அவள் முடிக்கும் வரை அவன் குறுக்கே பேசவும் இல்லை. சரியான கேள்வியைக் கேட்கத் தெரியாதவர்களாகத்தான் பெரும்பாலும் ஆண்கள் திரும்பி வருகிறார்கள். கேட்கத் தெரியாவிட்டாலும் வாயை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டு நிற்பார்களேயானால் அதைக் கணக்கில் சேர்க்கலாம் என்பது என் எண்ணம்.


முலுண்ட்_மீனா:

அதை ஒப்புக்கொள்கிறேன் ஐயா, அவள் பேசுவதற்குப் போதுமான நேரம் கொடுக்கப்பட்டால். சிகாகோ சண்டைக்கு அந்தத் தொடர் ஏறக்குறைய ஓர் அத்தியாயத்தையே கொடுத்திருக்கிறது. டெபி பேசும் காட்சிக்கு எத்தனை நிமிடம் ஒதுக்குகிறார்கள் என்று பார்த்துவிட்டுச் செம்பூர் அண்ணனின் மகளிடமே தீர்ப்பைக் கேட்டுக்கொள்ளலாம்.